முஸ்லிம் நேசனுக்குப் பின் எமக்கென்று ஒரு பத்திரிகை

ஒவ்வொரு கலவரத்திற்குப் பின்னரும் எமது சமூகத்தில் எழும் கோரிக்கை ஒன்றுதான்: "எமக்கென்று ஓர் ஊடகம் வேண்டும்." 2018 மார்ச் மாதம் எரிந்த திகன, நான் வசிக்கும் குண்டசாலைப் பிரதேச செயலகப் பிரிவுக்கு உட்பட்டது. அப்போது இக்கோரிக்கையை இங்கு கேட்காத பள்ளிவாசல் இல்லை. ஆனால் எப்படிப்பட்ட ஊடகம், யாருக்காக, யாருடைய பணத்தில் என்ற கேள்விகளை நாம் இன்னும் ஒழுங்காகக் கேட்கவில்லை.

திகனவுக்குச் சில நாட்கள் முன்பு, அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாகக் கதை பரவியது. அது வெறும் மாவுக்கட்டி என அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிக்கையிட்டார். பொய் போன தூரத்துக்கு அந்த அறிக்கை போகவில்லை. தனது தளம் அந்த வன்முறைக்குப் பயன்படுத்தப்பட்டதற்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில்தான் வருத்தம் தெரிவித்தது.

குற்றம் கைத்தொலைபேசி மீது மட்டுமல்ல. 2019 மே 23 அன்று 'திவயின' நாளிதழ், முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்ததாக முதற்பக்கத்தில் எழுதியது. அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றில் தெரிவித்தபோது, ஒரு மாதத்துக்கு மேல் கடந்திருந்தது.

இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய நோயல்ல. 1923 செப்டெம்பரில் டோக்கியோவை உலுக்கிய பூகம்பத்தின் பின், கொரியர்கள் கிணறுகளில் விஷம் கலக்கிறார்கள் என்ற வதந்தியை ஜப்பானியப் பத்திரிகைகள் பலவும் அச்சிட்டன. ஆயிரக்கணக்கான கொரியர்கள் கொல்லப்பட்டார்கள்.

அதே ஜப்பானில் இன்னொரு பாடமும் உண்டு. 1879இல் ஒசாக்காவில் ஆரம்பித்த 'அஸாஹி ஷிம்புன்' இன்றும் வெளிவருகிறது. விற்பனை வெகுவாகக் குறைந்தாலும், வீடு வீடாகச் சேரும் சந்தாப் பத்திரிகை என்ற அடித்தளம் அதற்கு இருக்கிறது. போர்க்காலம் பற்றி ஒருவர் சொன்ன பொய்ச் சாட்சியத்தை நம்பி எழுதிய பழைய கட்டுரைகளை 2014இல் அது பகிரங்கமாக மீளப்பெற்றது. நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார், பின்னர் பதவி விலகினார். பத்திரிகைக்கு ஒரு முகவரி இருக்கிறது. பிழை விட்டால் போய்க் கதவைத் தட்டலாம். வட்ஸ்அப்பில் கைமாறி வரும் செய்திக்கு அது கிடையாது.

அஸாஹி தோன்றி மூன்று ஆண்டுகளின் பின், 1882 டிசம்பர் 21இல், கண்டியில் பிறந்த சட்டத்தரணி அறிஞர் எம். சி. சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' வார இதழைத் தொடங்கினார். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்ட ஒராபி பாஷா இலங்கைக்கு வந்த காலம் அது. நேசன் உலகச் செய்தியைச் சொன்னது. அதோடு, பிள்ளைகளை நவீன கல்விக்கு அனுப்பத் தயங்கிய தன் சமூகத்தோடு வாதாடவும் செய்தது. 1892இல் கொழும்பில் பின்னாளில் ஸாஹிரா கல்லூரியாக வளர்ந்த மத்ரஸா உருவானபோது, அந்த எழுத்து நிலத்தைப் பண்படுத்தியிருந்தது.

நேசன் இன்று இல்லை. பிற்காலத்தில் நவமணி, மீள்பார்வை, விடிவெள்ளி என முயற்சிகள் வந்தன. அவற்றின் பெறுமதியை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அவை பேசுவது தமிழில், எம்மோடு. மெனிக்ஹின்னயிலும் பலகொல்லயிலும் எமக்குப் பக்கத்து வீட்டில் இருப்பவர் வாசிப்பது சிங்களத்தில். எம்மைப் பற்றிய பொய் அவரை அவரது மொழியில் அடைகிறது, எமது மறுப்பு எமது மொழியிலேயே நின்றுவிடுகிறது.

ஆகவே எனது கருத்து இதுதான். புதிய தொலைக்காட்சி பற்றிக் கனவு காணுமுன், இருக்கும் பத்திரிகைகளையும் இணையத்தளங்களையும் சந்தா செலுத்தித் தாங்குவோம். வதந்தி எழுந்த அன்றே பொலிஸிடமும் வைத்தியசாலையிடமும் கேட்டு உறுதிசெய்து, சிங்களத்தில் வெளியிடும் ஒரு சிறு செய்திப் பிரிவுக்கு ஜமாஅத்துகள் கூட்டாக நிதி ஒதுக்கட்டும். எம்மவர் தவறிழைத்தால் அதையும் அது எழுத வேண்டும். இல்லாவிட்டால் அதன் மறுப்பை எவரும் நம்பமாட்டார்.

வரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி சூரா அல்-ஹுஜுராத்தில் அல்லாஹ் எமக்குக் கட்டளையிட்டுள்ளான். அக்கடமைக்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், மாதச் சம்பளமும் வேண்டும். அதைக் கொடுக்க நாம் தயாரா என்பதே அடுத்த ஜும்ஆவுக்குப் பின் ஒவ்வொரு நிர்வாக சபையும் பேச வேண்டிய விடயம்.