தொட்டி ரோஜாவுக்கு பிளாஸ்டிக் போர்வை எதற்கு?

ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தாலே தொட்டி ரோஜாவுக்கு பிளாஸ்டிக் தாள் வாங்க ஓடுறாங்க. இது வீண் செலவு என்பது என் கருத்து. இலையில் ஒட்டிய தாள் பனியைத் தடுக்காது; பகலில் உள்ளே புழுங்கும்.

முதலில் காக்க வேண்டியது வேரை. நிலத்துச் செடிக்கு மண்ணே போர்வை. தொட்டியிலோ நாலு பக்கமும் குளிர் ஏறும். தொட்டிகளைத் தாழ்வாரத்தில், சுவரோரமா நெருக்கி வையுங்க. சுற்றிலும் சணல் சாக்கு, மண்மேல் நாலு விரல் கனத்துக்குச் சருகு மூடாக்கு. தண்ணீர் காலையில் மட்டும், மண் காய்ந்தால் போதும்.

இயற்கை உரம்தானேன்னு மீன் அமிலத்தையும் தெளிக்காதீங்க. பனி முடியும்வரை கவாத்தும் வேண்டாம். இரண்டுமே தளிரைக் கிளப்பும். தளிர்தான் முதலில் கருகும்.

வங்கியில் கணக்குப் பார்த்தவன் சொல்றேன்: சும்மா கிடக்கும் சருகை விட்டுட்டு காசுக்குத் தாள் வாங்குவது இயற்கை விவசாயம் இல்லைங்க.