ஆயில் டப்பாவின் பின்பக்கம்

போன மாசம் அப்பாவோட பைக்கை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். "தம்பி, சாதா ஆயில் எதுக்கு? கார்ல ஊத்துற ஃபுல்லி சிந்தடிக் இருக்கு. விலை கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா வண்டி வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகும்" என்றார் மெக்கானிக். விலை அதிகம் என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நானும் தலையாட்டினேன்.

வழுக்கத்தான் வழுக்கியது... கிளட்ச்! பத்தே நாளில் மேம்பாலத்து ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் பஸ். வண்டியில் இருந்தது அப்பா. நல்லவேளை, ஓரமாக ஒதுங்கிவிட்டார். கிளட்ச் பிளேட் மாற்றிய பிறகுதான் டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்க உட்கார்ந்தேன். வணிகவியல் மாணவனுக்கே புரிந்தது என்றால் உங்களுக்கும் புரியும்.

முதலில் எஸ்.ஏ.இ. 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்று இருக்குமே, அது. டபிள்யூ என்றால் வின்டர், அதாவது குளிர்காலம். அதன் முன்னால் உள்ள எண் குறைவாக இருந்தால் கடுங்குளிரிலும் ஆயில் சீக்கிரம் ஓடும். பின்னால் உள்ள எண் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் காட்டுகிறது. 40, 30-ஐ விடக் கெட்டி. அவ்வளவுதான், உசத்தி இல்லை. 42 சைஸ் சட்டை 40 சைஸை விட நல்ல சட்டை என்று யாராவது சொல்வோமா?

அடுத்தது ஏ.பி.ஐ. முதல் எழுத்து எஸ் என்றால் பெட்ரோல் வண்டிக்கு, சி என்றால் டீசலுக்கு. இரண்டாவது எழுத்துதான் தேர்வின் வருஷம் மாதிரி. எஸ்.எல். 2001, எஸ்.எம். 2004, எஸ்.என். 2010, எஸ்.பி. 2020, எஸ்.க்யூ. 2025. தேய்மானம், கசடு, படிவு என்று பல சோதனைகளில் தேறினால்தான் அந்த எழுத்து கிடைக்கும். புதிய எழுத்தில் பாடத்திட்டம் கூடும். ஆனால் எஸ்.பி.யில் சேர்த்தவற்றில் முக்கியமானது, டர்போ கார் இன்ஜின்களில் நேரத்துக்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும் பிரச்சினை. அப்பாவின் பைக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மூன்றாவதுதான் நான் கோட்டை விட்டது: ஜாசோ. ஜப்பான்காரர்கள் 1998-ல் கொண்டுவந்த தரம். காரில் கிளட்ச் தனியாக, பெரும்பாலும் ஆயில் படாமல் இருக்கும். பெரும்பாலான கியர் பைக்குகளில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்த கார் ஆயில் அந்த கிளட்சுக்கு ஆகாது. அது பிடித்துக்கொள்ள உராய்வு வேண்டுமே! அதைச் சோதித்துத் தருவதுதான் எம்.ஏ., எம்.ஏ.2. உராய்வு குறைந்த எம்.பி., ஆயில் படாத கிளட்ச் உள்ள ஸ்கூட்டர்களுக்குச் சரி.

இங்கே என் கருத்து. இந்த எழுத்துகள் எல்லாம் பாஸ் மார்க், ரேங்க் கிடையாது. எஸ்.என். போட்ட இரண்டு ஆயிலில் ஒன்று 35 வாங்கியிருக்கலாம், இன்னொன்று 95 வாங்கியிருக்கலாம், டப்பா சொல்லாது. அதற்காக டப்பா முன்னால் உள்ள பெரிய எழுத்தை நம்பவும் முடியாது. 'சிந்தடிக்' என்ற வார்த்தைக்கே 1999-ல் அமெரிக்காவில் சண்டை நடந்தது. கச்சா எண்ணெயையே கடுமையாகச் சுத்திகரித்து அந்தப் பெயரில் விற்கலாமா என்று கேஸ்ட்ரால் மீது மொபில் புகார் செய்தது. விளம்பரப் புகார்களை விசாரிக்கும் அமைப்பு, கேஸ்ட்ரால் அப்படிச் சொல்ல நியாயமான ஆதாரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டது. ஆக, அது ஆயில் எப்படித் தயாரானது என்பதையே உறுதியாகச் சொல்லாத வார்த்தை. உங்கள் கிளட்சைப் பற்றி என்ன சொல்லும்?

எனவே ஒப்பிடும் வரிசை இதுதான்: வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள மூன்று குறிகளும் டப்பாவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாதது எவ்வளவு விலை என்றாலும் வேண்டாம். தேறியவற்றுக்குள் மட்டும் விலையையும் பிராண்டையும் ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. என் சர்வீஸ் பில்லில் "ஆயில் - 1" என்று மட்டும் இருந்தது. எதை ஊற்றினார்கள் என்பதற்குச் சாட்சியே இல்லை. இது பில்லா, துண்டுச் சீட்டா? அடுத்த முறை மூன்று குறிகளையும் எழுதச் சொல்லி வாங்கப் போகிறேன். மெக்கானிக் முறைப்பார், முறைக்கட்டும். மேம்பாலத்தில் போவது அவர் அப்பா இல்லையே!