கணித மகாநாடுகளும் தமிழும்

டிசம்பர் 22 ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் பிறந்த தினம். இந்திய சர்க்கார் அதனைத் தேசீயக் கணித தினமாகப் பிரகடனம் செய்தனர். அது முதற்கொண்டு அத்தினத்தையொட்டித் தமிழ்நாட்டுக் காலேஜுகளிலும் சர்வகலாசாலைகளிலும் கணித மகாநாடு கூட்டுவது ஒரு வழக்கமாகிவிட்டது. பல திசைகளிலிருந்தும் வித்துவான்கள் வருகிறார்கள். தங்கள் ஆராய்ச்சி முடிவுகளைப் பிரசங்கிக்கிறார்கள். நம் தேசத்தில் இவ்வாறு சாஸ்திர விசாரணை நடைபெறுவது கண்டு நாம் சந்தோஷிக்கிறோம். ஆயினும் இப்பிரசங்கங்களால் பயனடைகிறவர் யார் என்ற கேள்வியை எவரும் கேட்பதாகக் காணோம். ஆகையால் நாம் கேட்கத் துணிகிறோம். நாம் கணித சாஸ்திரியல்லோம். சட்டம் படித்தவன் கேட்கக்கூடிய கேள்வியையே கேட்கிறோம்.

இத்தகைய மகாநாடொன்றின் முதல் நாள் எவ்வாறு கழிகிறதென்பதை நேயர்கள் பலர் நேரிலே பார்த்திருப்பார்கள். குத்துவிளக்கு ஏற்றப்படும். வரவேற்புரை கூறுபவர் மேடையிலுள்ள ஒவ்வொருவரின் பட்டங்களையும் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார். பொன்னாடைகள் போர்த்தப்படும், ஞாபகச் சின்னங்கள் வழங்கப்படும், புகைப்படக்காரருக்காக ஒருமுறைக்கு இருமுறை வழங்கப்படுவதுமுண்டு. இவ்வளவும் முடிவதற்குள் நடுப்பகல் நெருங்கிவிடும். பிறகு, வெளியூரிலிருந்து இதற்கென்றே வந்த பேராசிரியரிடம், நேரம் குறைவாயிருப்பதால் உபந்நியாசத்தைச் சுருக்கிக்கொள்ளும்படி மெதுவாகச் சீட்டு அனுப்புவார்கள். ஆரம்பத்தில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுகிறார்கள். அது பாடி முடிந்த க்ஷணத்திலிருந்து மறுநாள் மாலை வரையில் அந்த மண்டபத்தில் தமிழுக்கு வேலையில்லை.

சபையில் உட்கார்ந்திருப்பவர் யார்? முன்வரிசையிலுள்ள பத்துப் பதினைந்து பேரை விட்டுவிடுவோம். மற்றவர்களெல்லாரும் அரியலூரிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் பஸ் ஏறி வந்த எம்.எஸ்ஸி. மாணவர்களும் மாணவிகளும், சிறு ஊர்க் காலேஜுகளின் உபாத்தியாயர்களுமே. இவர்களில் அநேகர் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் கணிதத்தைத் தமிழிலே கற்றவர்கள். ஹைக்கோர்ட்டிலே வக்கீல் இங்கிலீஷில் முழங்கும்போது கட்சிக்காரன் பின் பெஞ்சியில் உட்கார்ந்து, ஜட்ஜின் முகத்தையும் வக்கீலின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து ஜயமா அபஜயமா என்று ஊகிப்பதை நாம் நெடுங்காலமாகப் பார்த்திருக்கிறோம். அதே முகத்தைத்தான் கணித மகாநாட்டின் பின்வரிசையிலும் காண்கிறோம். வழக்கு அவனுடையது, வாதம் மாத்திரம் அவனுக்கு விளங்காது.

மத்தியானத்துக்கு மேல் நடப்பது இதனினும் பரிதாபம். நாலைந்து அறைகளில் ஏககாலத்தில் பத்து நிமிஷக் கட்டுரைகள் வாசிக்கப்படுகின்றன. வாசிப்பவர், அக்கிராசனர், தம் முறைக்காகக் காத்திருப்பவர் ஆகிய இவர்களைத் தவிர அறையில் வேறு ஆள் இருப்பது அபூர்வம். தம் முறை முடிந்தவுடன் சர்டிபிகேட்டைப் பெற்றுக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய்விடுகிறார்கள். இவர்களைக் குறைகூறுவது நியாயமன்று. யூனிவர்ஸிடி மானியக் கமிஷனார் 2010-ம் வருஷத்து விதிகளில் உபாத்தியாயரின் உத்தியோக உயர்வுக்கு மகாநாட்டுக் கட்டுரைகளை மார்க்குகளாக எண்ணும் முறையை ஏற்படுத்தினார்கள். 2016-ம் வருஷத்து விதிகளிலோ, டாக்டர் பட்டத்துக்கு உழைக்கும் மாணவன் இரண்டு கட்டுரைகளேனும் மகாநாடுகளில் வாசித்தாலன்றி ஆராய்ச்சி நூலைச் சமர்ப்பிக்கலாகாதென்று கட்டாயம் செய்தார்கள். 2022-ம் வருஷத்து விதிகளில் அக்கட்டாயம் நீங்கிற்று. என்றாலும், எண்ணிக்கைக்காக வாசிக்கும் பழக்கம் ஒருமுறை வேரூன்றினால் கெஜட்டில் வெளியாகும் ஒரு உத்தரவினால் மாத்திரம் அது போய்விடாது.

நிற்க. இந்நாட்டில் கணித சங்கம் எதற்காக ஏற்பட்டது என்பதைச் சற்று நினைவுகூர்வது நலம். வி. ராமஸ்வாமி அய்யர் என்ற ஒரு டிப்டி கலெக்டர், ரெவினியூ இலாகா வேலைக்கு நடுவே கணிதப் பித்துக் கொண்டவர், 1907-ம் வருஷத்தில் நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஒரு சிறு சங்கம் ஸ்தாபித்தார். மூலைக்கொருவராய்ச் சிதறிக்கிடந்த கணிதப் பிரியர்கள் சந்தா சேர்த்து ஐரோப்பியப் பத்திரிகைகளை வாங்கி, அவற்றைத் தபால் மூலம் ஒருவருக்கொருவர் அனுப்பிப் படித்துக்கொள்வதே அச்சங்கத்தின் முதல் வேலை. பிற்காலத்தில் இந்தியக் கணித சங்கம் என்று பெயர் பெற்றது அதுவே. 1910-ம் வருஷத்தில் எப்.ஏ. பரீக்ஷையில் தேறாத ஒரு வாலிபர், திருக்கோவலூரில் உத்தியோகம் பார்த்திருந்த அந்த டிப்டி கலெக்டரிடம், தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலை கேட்டு வந்தார். கையில் நோட்டுப் புஸ்தகங்கள் கொணர்ந்தார். ராமஸ்வாமி அய்யர் புஸ்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த மனிதரைத் தாலுகா ஆபீஸில் அடைப்பது பாவம் என்று கருதி, சென்னையிலுள்ள கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். மறு வருஷம் சங்கத்தின் பத்திரிகையில் அவ்வாலிபர் ஒரு கேள்வி வெளியிட்டார்: வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவின்றி அடுக்கிக்கொண்டே போகும் ஒரு கோவையின் மதிப்பு யாது? ஒருவரும் விடையனுப்பவில்லை. மூன்று என்ற விடையை அவரே பிறகு தெரிவித்தார். ராமாநுஜனை உலகம் அறிந்த கதையின் முதல் படி இதுதான். பட்டமில்லாதவன் கேள்வி கேட்பதற்கு ஒரு வாசல் திறந்திருந்தது. சங்கத்தின் பெருமை அதில் இருந்தது.

அந்தச் சங்கத்தின் முதல் மகாநாடு 1916-ம் வருஷத்தில் சென்னையில் கூடிற்று. அதே வருஷத்தில் சேலத்தில் ஸ்ரீ சி. ராஜகோபாலாச்சாரியாரும் அவருடைய நண்பர் வெங்கடசுப்பையரும் தமிழில் சாஸ்திர பரிபாஷைச் சொற்களை ஆக்குவதற்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். இவ்விரண்டு முயற்சிகளும் ஒரே வருஷத்தில் முளைத்தவை. ஆனால் நூறு வருஷங்களுக்கு மேலாகியும் ஒன்றையொன்று சந்திக்காமல் இருக்கின்றனவே என்பதுதான் நமது ஆவலாதி.

உயர்ந்த கணிதத்தைத் தமிழில் சொல்ல முடியாது என்று சிலர் சாதிக்கக்கூடும். அவர்களுக்கு நாம் ஒரு சாட்சியை ஆஜர் செய்கிறோம். சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1901-ம் வருஷத்தில் குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தவர். 1929 முதல் 1941 வரையில் சிதம்பரம் அண்ணாமலை சர்வகலாசாலையில் உபாத்தியாயராயிருந்தவர். அவர் தீர்த்த பிரச்னை இதுவே. ஒரு விசித்திரமான மளிகைக்கடைக்காரனிடம் இருக்கும் எடைக்கற்களெல்லாம் ஓர் எண்ணை ஆறு முறை அடுக்கிப் பெருக்கி வந்த அளவுள்ளவை. ஒன்றை அப்படிப் பெருக்கினால் 1. இரண்டைப் பெருக்கினால் 64. மூன்றைப் பெருக்கினால் 729. நாலைப் பெருக்கினால் 4096. இப்படியே மேலும் மேலும். ஒவ்வொரு தினுசிலும் எத்தனை கற்கள் வேண்டுமானாலும் உண்டு. 703 பலம் சர்க்கரை நிறுக்க வேண்டும். 729 கல் பெரிது, உதவாது. 64 கல் பத்து வைத்தால் 640. மிச்சம் 63-க்கு ஒரு பலக் கற்களே கதி. ஆக 73 கற்கள். சரி, இதற்கும் அதிகமான கற்களை விழுங்கும் எடை ஏதேனும் உண்டா? கோடானுகோடி எண்களில் எதை எடுத்தாலும் 73 கற்களுக்குள் நிறுத்துவிடலாம் என்று 1940-ம் வருஷத்தில் பிள்ளை நிரூபித்தார். ஆறுக்குப் பதிலாக இரண்டு முறை பெருக்கிய கற்களானால் நாலு போதுமென்று 1770-ம் வருஷத்தில் லக்ராஞ்சு காட்டியிருந்தார். அதே வருஷத்தில் இங்கிலாந்தில் வாரிங்கு என்பவர் மற்ற அடுக்குகளைப்பற்றிக் கேள்வியெழுப்பினார். நாலாம் அடுக்கும் ஐந்தாம் அடுக்கும் அப்போது தீராமலிருக்க, ஆறாம் அடுக்கு தமிழன் ஒருவன் கையால் தீர்ந்தது. ஐந்தாம் அடுக்குக்கு 37 என்று சீன தேசத்து சென் 1964-ல் முடிவு கண்டார். நாலாம் அடுக்குக்கு 19 என்று ஆர். பாலசுப்பிரமணியனும் இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து 1986-ல் முடித்தார்கள். பிள்ளையோ 1950-ம் வருஷம் ஆகஸ்டு 31-ந் தேதி, ஹார்வர்டில் கூடிய சர்வதேசக் கணித மகாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோவுக்கு அருகே விமான விபத்தில் மாண்டார்.

இதைச் சொல்லி முடிக்க நமக்கு ஓர் இங்கிலீஷ் வார்த்தையும் தேவைப்படவில்லை. இதற்கான நிரூபணம் இவ்வளவு எளிதன்று என்பதை அறிவோம். ஆனால் பின்வரிசையிலுள்ள மாணவி முதல் பத்து நிமிஷத்தில் அறிய வேண்டியது நிரூபணமன்று, பிரச்னை. பிரச்னை அவள் மனத்தில் தைத்துவிட்டால் நிரூபணத்தை இங்கிலீஷிலோ பிரெஞ்சிலோ தேடிப்போய்ப் படித்துக்கொள்வாள். பரிபாஷை இல்லை என்ற ஆக்ஷேபமும் இன்று செல்லாது. கணம், குலம், அணி, சார்பு, எல்லை, பகா எண் என்பனவெல்லாம் பள்ளிக்கூடப் புஸ்தகங்களில் ஏறிப் பல தலைமுறைப் பிள்ளைகளின் வாயில் புழங்கியவை. சொல் இல்லாத இடத்தில் இங்கிலீஷ் சொல்லையே தமிழ் வாக்கியத்தில் வைத்துப் பேசினால் யாரும் தடியெடுக்கமாட்டார்கள். குறிகளையும் எழுத்துக்களையும்கூட மாற்றித் தூய தமிழாக்கவேண்டுமென்று கிளம்பும் அன்பர்களுக்கு நமது வேண்டுகோள் இது: தயவுசெய்து இந்தக் காரியத்தைக் கெடுக்காதிருங்கள்.

மலையாள தேசத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் விருந்தினர் வருகிறார்களே என்பார்கள். வரட்டும், அவர்களுடைய பிரசங்கம் இங்கிலீஷில் நடக்கட்டும். கணிதத்துக்குத் தேசமில்லை, அதற்கு உலகப் பொதுமொழியே தகும் என்று மற்றொரு வாதமும் உண்டு. இதற்குப் போலந்து தேசத்தின் திருஷ்டாந்தம் போதும். 1920-ம் வருஷத்தில் அத்தேசத்துக் கணித சாஸ்திரிகள் ஒரு பத்திரிகை தொடங்கியபோது அதில் தங்கள் சொந்த பாஷையிலே எழுதுவதில்லை, பிரெஞ்சு முதலிய பாஷைகளிலேயே எழுதுவது என்று நிச்சயித்தார்கள், உலகம் படிக்கவேண்டுமல்லவா? ஆனால் லுவோவ் நகரத்துக் காப்பிக் கிளப்பில் கூடி மேஜைமேல் கிறுக்கி வாதாடியதும், அங்கே வைத்திருந்த நோட்டுப் புஸ்தகத்தில் பிரச்னைகளைக் குறித்ததும் பெரும்பாலும் போலிஷ் பாஷையில்தான். அந்த நோட்டில் 1936-ம் வருஷத்தில் மஸூர் எழுதிய ஒரு பிரச்னைக்கு உயிருள்ள வாத்து ஒன்று பரிசாக விதிக்கப்பட்டிருந்தது. 1972-ல் ஸ்வீடன் தேசத்து என்ப்லோ அதைத் தீர்த்து, வார்ஸா நகரில் வாத்தைப் பெற்றுக்கொண்டார். அச்சடிப்பது உலகத்துக்காக, பேசிப் பழகுவது வீட்டுப் பிள்ளைகளுக்காக. நாமோ இரண்டையும் ஒன்றாக்கி, வீட்டுப் பிள்ளைகளிடமும் அச்சுப் பாஷையிலேயே பேசுகிறோம்.

மகாநாடு நடத்தும் கனவான்களை நாம் கேட்பது அதிகமில்லை. தமிழறிந்த பிரசங்கி ஒவ்வொருவரும் முதல் பத்து நிமிஷம் தம் பிரச்னை இன்னதென்று தமிழிலே சொல்லட்டும். இரண்டு நாள் மகாநாட்டில் ஒரு முழு உபந்நியாசமாவது தமிழில் நடக்கட்டும். அதை இளைஞர் தலையில் கட்டிவிடாமல், உள்ளவர்களில் மிகப் பெரியவரே செய்யவேண்டும். சிறியவர் செய்தால் இங்கிலீஷ் வராததனால் செய்தார் என்பார்கள். பொன்னாடைகளுக்குச் செலவாகும் முக்கால் மணி நேரத்தைக் கேள்விகளுக்கு ஒதுக்கினால், கேட்கக் கூசுகிறவர்கள் தமிழில் எழுதிக் கொடுக்கவும் அவகாசம் கிடைக்கும். பத்து நிமிஷக் கட்டுரைகளைப் பாதியாகக் குறைத்தாலும் சாஸ்திரத்துக்கு நஷ்டமில்லை.

வரும் டிசம்பரில் இவ்வண்ணம் தமிழில் நடைபெறும் எந்தக் கணித உபந்நியாசத்தின் சுருக்கத்தையும் இப்பத்திரிகையில் கட்டணமின்றிப் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம். இரண்டு பத்திகளுக்கு மேற்படாமல், காகிதத்தின் ஒரு பக்கத்தில் மாத்திரம் எழுதி, நவம்பர் முடிவதற்குள் நமது காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டுகிறோம். கணிதக் குறிகள் உள்ளபடியே அச்சாகும்.