புடவைக் கடைக்குப் பெயர் இருக்கிறது, பறையடித்தவருக்கு இல்லை

சென்ற மாதம் சென்னையில் ஒரு கலை விழா. எங்கள் தோழர்கள் நான்கு பேர் பறை வாசிக்கப் போயிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் தீ மூட்டிப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, அமைப்பின் சமூக ஊடகப் பொறுப்பாளர் செல்போனோடு ஓடிவந்தார். "அண்ணா, அந்த நெருப்பு சூப்பரா வருது, இன்னொரு வாட்டி காய்ச்சுங்க" என்றார். மூன்று முறை காய்ச்சினார்கள். தோல் வெடித்துவிடுமோ என்று பெரியவர் பயந்தது முகத்திலேயே தெரிந்தது. அதுவும் வீடியோவில் நன்றாகவே வந்திருக்கிறது.

மறுநாள் ரீல் வந்தது. நடனம் அமைத்தவருக்கு டேக். ஒளியமைத்தவருக்கு டேக். நடனமாடியவர் கட்டியிருந்த புடவையை விற்ற கடைக்கும் டேக். பறைக்கு "மண்ணின் அதிர்வு!" என்று ஒரு வரி, பக்கத்தில் இரண்டு நெருப்பு எமோஜி.

கேட்டோம். "அவங்களுக்கு இன்ஸ்டாகிராம் ஐடி இல்லையே, எப்படி டேக் பண்றது?" என்று பதில் வந்தது. ஐடி இல்லையென்றால் பெயரும் இல்லையா? ஊர் இல்லையா? பணம் கொடுக்கும்போது வவுச்சரில் பெயரெழுதிக் கையெழுத்து வாங்கினீர்களே, அந்தத் தாள் உங்கள் அலுவலகத்தில்தானே இருக்கிறது?

பெரியவரின் பேத்தி அந்த ரீலின் கீழே "இது எங்க தாத்தா" என்று எழுதியிருக்கிறாள். பக்கத்தை நடத்துகிறவர்கள் அதற்கு ஒரு ஹார்ட் போட்டிருக்கிறார்கள். தாத்தாவின் பெயரைக் கேட்கவில்லை.

அவர் பெயரை நாங்களும் இங்கே எழுதவில்லை. அவரே வேண்டாமென்றார். "அடுத்த வருசம் கூப்பிட மாட்டாங்க தம்பி." அமைப்பின் பெயரை எழுதாததற்கும் அதுதான் காரணம். யார் பெயர் வெளியே வர வேண்டும், யார் பெயர் வரக் கூடாது என்பதை இன்றைக்கும் அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

இதை மறதி என்று சொல்லாதீர்கள். சபாக்களின் அழைப்பிதழைப் பாருங்கள். பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் என்று ஒரு பெயர் விடாமல் வரும். அந்த மிருதங்கத்துக்குத் தோல் கட்டியவர் யார்? பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்களான அந்தக் கைவினைஞர்களைப் பற்றித்தான் டி.எம்.கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுதினார். 2020 தொடக்கத்தில் அதன் வெளியீட்டு விழாவுக்கு இடம் கொடுத்திருந்த கலாக்ஷேத்ரா, கடைசி நேரத்தில் அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் நடந்தது. மாட்டுத்தோல் மேடை ஏறலாம், மாட்டுத்தோலைப் பற்றிய பேச்சு ஏறக்கூடாது!

சபாக்காரர்கள் பழைய ஆட்கள், விடுங்கள் என்பீர்கள். நவீனமானவர்கள் என்ன செய்தார்கள்? 2021-இல் 'எஞ்சாயி எஞ்சாமி' உலகமெல்லாம் ஓடியது. எழுதியவர் அறிவு. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து எழுந்த பாட்டு அது. அந்த ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், அறிவு இல்லை. பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார், சமூக ஊடகத்தில் பலரும் கேட்டார்கள், பிறகுதான் அறிவுக்கென்று தனியாக ஓர் அட்டை வந்தது. அத்தனை புகழ்பெற்ற கலைஞனுக்கே சண்டை போட்டுத்தான் படம் வாங்க வேண்டியிருக்கிறது.

பெயர் விடுபடுவதைவிட எங்களை அதிகம் எரிச்சலூட்டுவது இவர்கள் எழுதும் கேப்ஷன்தான். "ஈராயிரம் ஆண்டுப் பழமை! சங்கத் தமிழரின் போர்ப்பறை!" நல்லது. சங்க காலத்திலிருந்து ஒரே தாவாகத் தாவி உங்கள் ஏசி அரங்கில் வந்து குதித்துவிட்டதா பறை? நடுவில் அது எங்கே இருந்தது? ஊர்ச் சாவுக்குக் கட்டாயம் அடிக்க வேண்டும், அடித்தால் அரிசியும் சாராயமும், மறுத்தால் உதை என்று இருந்தது. அந்த இழிவு வேண்டாமென்று பறையைத் தூக்கிப்போட்ட எங்கள் அப்பாக்கள் இருக்கிறார்கள். அதே பறையை விடுதலைக் கருவியாகக் கையில் எடுத்த பெண்கள், திண்டுக்கல் சக்தி கலைக்குழுவைப் போல, இருக்கிறார்கள். இந்த இரண்டுமே உங்கள் கேப்ஷனில் வருவதில்லை. வந்தால் சாதி என்ற சொல்லை எழுத வேண்டியிருக்கும், ஸ்பான்சர் முகம் சுளிப்பார்.

ஸ்பான்சர் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அந்தப் பட்டியலில் பாரம்பரியக் கலை வளர்ச்சியும் இருக்கிறது. நிதி கேட்டுப் போகும் அறிக்கையில் தீயும் தோலும் கறுத்த உடம்புமாக ஒரு படம் இருந்தால் எடுப்பாக இருக்குமல்லவா? அந்த ரீல் வெறும் விளம்பரமில்லை, பணம் கேட்கும் விண்ணப்பம். அதில் எங்கள் பங்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும்.

"பெரிய மேடை கிடைத்ததே, நாலு பேருக்குத் தெரிகிறதே" என்று எங்கள் ஆட்களிலேயே சிலர் சொல்கிறார்கள். யாருக்கு என்ன தெரிகிறது? பெயரும் போன் நம்பரும் இல்லாத வீடியோவைப் பார்த்து யார் அடுத்த நிகழ்ச்சிக்குக் கூப்பிட முடியும்? விழா அமைப்புக்குத்தான் போன் வரும். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள், மகிழ்ச்சி. டெல்லி எழுதிய பிறகுதான் நீங்கள் எழுதுவீர்கள் என்றால் மற்ற ஆசான்கள் எத்தனை காலம் காத்திருப்பது?

பெயர் போடுவது பெருந்தன்மையும் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் கொண்டுவந்த திருத்தத்தைப் படியுங்கள், 38ஏ, 38பி பிரிவுகள். நிகழ்ச்சியைப் பதிவுசெய்வதும் பரப்புவதும் நிகழ்த்துகிற கலைஞரின் உரிமை. நிகழ்த்தியவர் இன்னார் என்று அடையாளம் காட்டச் சொல்வதும் அவர் உரிமை. இசைக்கலைஞர் என்ற சொல்லுக்குள் பறையடிப்பவர் வரமாட்டார் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இன்னொன்று. உங்கள் பக்கங்களை நடத்தும் வேலைக்கு எங்கள் தெருவிலிருந்து ஒருவரையாவது எடுத்திருக்கிறீர்களா? வடசென்னைப் பிள்ளைகள் உடைந்த போனில் கானா வீடியோ எடுத்து, அதிலேயே எடிட் செய்து, யூடியூபில் லட்சக்கணக்கில் ஓடவிடுகிறார்கள். அவர்களுக்கு ரீல் போடத் தெரியாது என்று சொல்லாதீர்கள். அவர்களில் ஒருவர் அன்று அங்கே இருந்திருந்தால் தாத்தாவை மூன்று முறை காய்ச்சச் சொல்லியிருக்க மாட்டார்.

மார்கழி வருகிறது. பறையும் ஒயிலும் தெருக்கூத்தும் போட்டு உங்கள் போஸ்டர்கள் வரும். பெயரில்லாமல் வரும் ஒவ்வொன்றின் கீழேயும் நாங்கள் ஒரே கேள்வியை எழுதப்போகிறோம்: "பறை வாசிப்பவர் யார், எந்த ஊர்?" தோழர்களே, நீங்களும் எழுதுங்கள். ஹார்ட் போட்டால் விடாதீர்கள், திரும்பக் கேளுங்கள்.