பறவைகளின் பஞ்சாங்கம்

நம்மவர்கள் உல்லாசப் பிரயாணத்துக்குத் திட்டம் போடுகிற அழகே அழகு! பெண் பார்க்கப் போவதற்கு நாள் பார்க்கிறோம். புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு நாழிகை பார்க்கிறோம். ராகு காலம் கழிந்த பிறகுதான் வாசற்படியைத் தாண்டுகிறோம். ஆனால், பறவைகளைப் பார்க்கப் புறப்படுகிறவர், அந்தப் பறவைகள் இப்போது ஊரில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்ப்பதில்லை.

மே மாதம் வருகிறது. பள்ளிக்கூடத்தை மூடிவிடுகிறார்கள். குடும்பத் தலைவர் ஒரு காகிதத்தை எடுத்து எழுதுகிறார்: முதல் நாள் வண்டலூர் மிருகக்காட்சி சாலை, முதலைப் பண்ணை, மகாபலிபுரம். இரண்டாம் நாள் வேடந்தாங்கல், பாண்டிச்சேரி, பிச்சாவரம். மூன்றாம் நாள் கோடிக்கரை. கடல், காடு, மிருகம், பறவை எல்லாம் மூன்றே நாளில், ஒரே காரில்! நாலாம் நாள் திரும்பி வந்து அவர் வெளியிடும் தீர்ப்பையும் நான் பல தடவை கேட்டிருக்கிறேன்: “வேடந்தாங்கலில் ஒன்றுமே இல்லை, சார். சுத்த ஏமாற்று!”

இதைக் கேட்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஏமாற்றியது யார்? நாரையா? நான் மே மாதத்தில் வந்து உங்களுக்குத் தரிசனம் தருவேன் என்று நாரை யாருக்காவது கடுதாசி எழுதியதா?

வேடந்தாங்கலின் பஞ்சாங்கம் மிகவும் எளிது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்ப வேண்டும். ஏரிக்குள் இருக்கும் மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்க வேண்டும். பூனையும் நாயும் ஏற முடியாத அந்த மரங்களில்தான் கூழைக்கடாவும், நத்தைகுத்தி நாரையும், அரிவாள் மூக்கனும், பாம்புத்தாராவும் கூடு கட்டும். குஞ்சு பொரித்து, அவற்றுக்கு இரை தேடிக் கொடுத்து, பறக்கப் பழக்கி, வெயில் ஏறித் தண்ணீர் வற்றும்போது கிளம்பிவிடும். நவம்பரிலிருந்து மார்ச்சு வரை அங்கே பிரசவ ஆஸ்பத்திரியைப் போல் ஒரே இரைச்சலாக இருக்கும். மே மாதத்தில் போகிறவர், கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு மொய்க் கவரோடு வந்து நிற்கிற மனிதர்!

இந்தப் பஞ்சாங்கத்தை நன்றாகப் படித்தவர்கள் அந்த ஊர்க் குடியானவர்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். தங்கள் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று வாதாடினார்கள். 1798-இல் செங்கற்பட்டு ஜில்லா கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுடைய உரிமையை ஒப்புக்கொண்டு எழுத்து மூலம் கொடுத்தார். இன்றைக்கும் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர் அது. அந்த ஊர்க் குழந்தைகள் பறவைகளுக்காக மத்தாப்பையும் வெடியையும் விட்டுக்கொடுக்கிறார்கள். நம்மால் ஒரு தேதியை மாற்றிக்கொள்ள முடியவில்லை!

கோடிக்கரைக்கும் இதே கதைதான். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு அது பூங்குழலியின் ஊர். அந்த மயக்கத்தில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து போகிறார்கள். போகட்டும், சந்தோஷம். ஆனால் அது 1967-லிருந்து சரணாலயமாக இருக்கிறது என்பதும், பூநாரைகள் கூட்டமாகச் சேற்றில் இறங்குவது குளிர்காலத்தில் என்பதும், முறுக்குக் கொம்பு வெளிமான்களைப் பார்க்க விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும் என்பதும் நாவலில் இல்லை. அதற்காக நாவலாசிரியரைக் கோபித்துப் பயன் என்ன?

கடலைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். நம் கரைக்கு முட்டையிட வரும் ஆமைக்குப் பங்குனி ஆமை என்று பெயர். பெயரிலேயே மாதத்தைப் பதித்து வைத்துவிட்டார்கள் நம் முன்னோர்கள்! தை முதல் பங்குனி வரை இரவு நேரத்தில் அது மணலில் ஏறி, குழி தோண்டி, சுமார் நூறு முட்டைகள் இட்டு, மணலை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. சென்னையில் 1988-லிருந்து மாணவர்கள் இரவெல்லாம் கரையோரம் நடந்து, அந்த முட்டைகளை எடுத்துப் பத்திரமான இடத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். நாமோ கடற்கரை விடுதியில் பளிச்சென்று விளக்குப் போட்ட அறைதான் வேண்டும் என்கிறோம். வெளிச்சம் தெரியும் பக்கம்தான் கடல் என்று நம்பும் ஆமைக்குஞ்சு, அந்த விளக்கை நோக்கித் தவழ்ந்து ரோட்டில் நசுங்குகிறது. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் சென்னைக் கரையில் செத்து ஒதுங்கின. மூச்சு விட மேலே வர முடியாமல், இழுவை வலையில் சிக்கி மாண்டவை அவை என்றார்கள். அவற்றை உயிரோடு ஒரு முறையாவது பார்த்திருந்தால் அல்லவா அந்தச் செய்தி நம் நெஞ்சில் உறைக்கும்?

“ஐயா, பள்ளிக்கூட விடுமுறை மே மாதத்தில்தானே வருகிறது? நாங்கள் என்ன செய்வது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மார்கழியில் அரையாண்டு விடுமுறை வருகிறது. தை, மாசியில் ஒரு சனி, ஞாயிறோடு வெள்ளிக்கிழமையும் லீவு போட்டால் போதும். வெள்ளிக்கிழமை சாவகாசமாகக் கிளம்பி, மூன்று மணிக்கு வேடந்தாங்கல் கரையில் உட்காருங்கள். இரை தேடப் போன பறவைகள் எல்லாம் சாயங்காலம் கூட்டுக்குத் திரும்பும். இரவு மகாபலிபுரத்தில் தங்கிச் சனிக்கிழமை விடியற்காலையில் கடலைப் பாருங்கள். பிறகு அர்ஜுனன் தபசு. அந்தப் பாறையில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டு இருப்பதைக் குழந்தைக்குக் காட்டுங்கள். மானை மணிக்கணக்காகப் பார்த்த சிற்பியால்தான் அதைச் செதுக்க முடியும். மாலையில் முதலைப் பண்ணை. ஞாயிறு முழுவதும் வண்டலூர். திங்களில் முதலைப் பண்ணைக்கும் செவ்வாயில் வண்டலூருக்கும் விடுமுறை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். காணும் பொங்கலன்று மட்டும் இந்தப் பக்கமே போகாதீர்கள். மனிதத் தலைகளைத் தவிர வேறு ஜந்து கண்ணில் படாது!

மிருகக்காட்சி சாலையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அதைச் சிறைச்சாலை என்று ஒதுக்குகிறவர்களின் கட்சியில் நான் இல்லை. 1855-இல் சென்னையில் பால்ஃபர் தொடங்கிய மிருகக்காட்சி சாலை, 1985-இல் வண்டலூர்க் காட்டுக்குப் போனதால் மிருகங்களுக்குக் கொஞ்சம் நிழலும் இடமும் கிடைத்தன. தோலுக்காக வேட்டையாடி முதலை இனமே அற்றுப்போகும் நிலையில், 1976-இல் ரோமுலஸ் விட்டேகர் முதலானோர் தொடங்கிய பண்ணைதான் அவற்றைப் பெருக்கிக் காட்டியது. ஆனால், கூண்டை முதலில் பார்க்கிற குழந்தை, மிருகம் என்றால் கம்பிக்கு அந்தப் பக்கம் நமக்காகக் காத்திருப்பது என்று நினைத்துக்கொள்கிறது. முதலை வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடந்தால், “பொம்மையா அப்பா?” என்கிறது. அப்பாவும் உடனே ஒரு கல்லைப் பொறுக்குகிறார்! முதலை வாயைத் திறந்து உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது என்று சொல்ல அவருக்கு அவகாசம் இல்லை. அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டது. ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் காத்திருக்கப் பழகிய குழந்தை அப்படிக் கேட்காது.

இது வெறும் பொழுதுபோக்குச் சமாசாரம் என்று தள்ளிவிட வேண்டாம். 2020-இல் வேடந்தாங்கல் சரணாலயத்தின் ஐந்து கிலோமீட்டர் எல்லையை மூன்றாகக் குறைக்கலாம் என்று அரசாங்க வட்டாரத்தில் ஒரு யோசனை கிளம்பியது. நல்ல வேளையாகப் பலர் ஆட்சேபித்தார்கள். மே மாதத்து வெற்று ஏரியைப் பார்த்து வந்தவர் அந்தச் செய்தியைப் படித்தால் என்ன சொல்லுவார்? “அங்கேதான் ஒன்றுமே இல்லையே, குறைத்தால் என்ன?” என்றுதான் சொல்லுவார். ஏரியைத் தூர்க்க நினைப்பவர்களுக்கு அதைவிட நல்ல சாட்சி வேறு யார் கிடைப்பார்?

ஆகையால், அடுத்த முறை காகிதத்தை எடுக்கும்போது ஊர்ப் பெயர்களை எழுதாதீர்கள். எந்த ஜீவன் எந்த மாதத்தில் எங்கே இருக்கும் என்று முதலில் எழுதுங்கள். பட்டியலில் ஆறு இடங்களை அடித்துவிடுங்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் லீவுச் சீட்டு எழுத நேர்ந்தால், காரணம் என்ற இடத்தில் காய்ச்சல் என்று பொய் எழுத வேண்டாம். “நாரை வந்திருக்கிறது” என்றே எழுதுங்கள்.