பழைய பாட்டைக் காட்டிக்கொடுக்காத ஸ்பீக்கர்

நண்பர் ஒருவர், பாட்டுப் பைத்தியமான தன் அப்பாவுக்காக ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினார். கடையில் புதுப் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினார்களாம். கிடார் கம்பியில் விரல் உரசுவதுகூடக் கேட்டதாம். வீட்டில் அப்பா கேட்டது 1950-களின் டி.எம்.எஸ். பாடல்கள். நாலாவது பாட்டில், "காது கூசுதுப்பா" என்று எழுந்து பழைய டிரான்சிஸ்டருக்கே போய்விட்டார்.

ஸ்பீக்கரில் கோளாறு எதுவும் இல்லை. நம் வீடுகளில் இருக்கும் பழைய பாட்டுகள் பலவும் இசைத்தட்டிலிருந்தோ கேசட்டிலிருந்தோ எடுத்து, இடம் மிச்சமாக எம்.பி.3-ஆகச் சுருக்கியவை. இரைச்சலும் கீச்சும் அதிலேயே இருக்கும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. அந்தப் பகுதியைத் தூக்கிக் காட்டும் ஸ்பீக்கர் கடையில் 'பளிச்'சென்று இருக்கும். வீட்டில் அரை மணி நேரத்தில் அலுத்துவிடும்.

ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்து 40,000, 50,000 ரூபாய்க்குள் வாங்குகிறீர்களா? வீட்டிலேயே மோசமான பதிவு எதுவோ, அதை போனில் எடுத்துப் போங்கள். அரை மணி நேரமாவது கேளுங்கள். 'ச', 'ஸ' எழுத்துகள் ஊசி மாதிரி குத்தினால் வேண்டாம். அதற்காக மந்தமானதையும் வாங்கிவிடாதீர்கள். பாட்டின் வார்த்தை புரிய வேண்டும், மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

துணிக் குவிமாட ட்வீட்டர் வைத்தவை பெரும்பாலும் இதமாக இருக்கும். 1980-களிலிருந்து வரும் இங்கிலாந்தின் வார்ஃப்டேல் டயமண்ட் வரிசை இந்தக் குணத்துக்குப் பேர்போனது. உலோக ட்வீட்டர் என்றாலே கூசும் என்றும் இல்லை. பெட்டிக்குள் ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரைப் பொறுத்தது அது. ஆகவே விவரக் குறிப்பை விடக் காதை நம்புங்கள். (வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். இரண்டு மடங்கு வாட்ஸ் கொடுத்தால் கூடுவது வெறும் 3 டெசிபல்!)

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கும் வழி உண்டு. டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் கீச்சைக் கூட்டும். நண்பர் வீட்டில் தரையில் கனமான ஜமுக்காளம் விரித்தோம், ஜன்னலுக்குத் திரை போட்டோம். அப்பாவின் நாற்காலியை நேராகப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்பீக்கர்களைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பினோம். ஓட்டை பின்பக்கம் இருந்ததால் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைத்தோம். இல்லாவிட்டால் பேஸ் கும்மென்று அடைத்துக்கொள்ளும்.

இப்போது அப்பாவுக்குக் காலைச் செய்திக்கு டிரான்சிஸ்டர், சாயங்காலப் பாட்டுக்கு ஸ்பீக்கர்.