கோட்டைக்குப் பட்டா கேட்காதீர்கள்!

செஞ்சிக் கோட்டைக்குப் போயிருக்கிறீர்களா? திருவண்ணாமலை போகிற வழியில் பஸ் ஜன்னலில் பார்த்ததெல்லாம் கணக்கில் சேராது. இறங்கி, டிக்கெட் வாங்கி, ராஜகிரியில் மூச்சு வாங்க ஏறியிருக்கிறீர்களா? ஏறியவர்களைக் கேட்கிறேன்... மேலே போய் என்ன பண்ணினீர்கள்? நாலு போட்டோ, கொஞ்சம் புளிசாதம். அவ்வளவுதானே?

2025 ஜூலையில், மராட்டியரின் ராணுவக் கோட்டைகள் என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது யுனெஸ்கோ. பதினொன்று மகாராஷ்டிராவில், மிச்சம் ஒன்று நம்ம செஞ்சி. சந்தோஷப்படுவதற்குள் 'அது யார் கோட்டை?' என்று கிளம்பிவிட்டோம்.

நாயக்கர்களிடமிருந்து பீஜப்பூர் சுல்தான் படை பிடித்தது. அவர்களிடமிருந்து 1677-ல் சிவாஜி. 1698-ல் மொகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். இத்தனை கை மாறிய சொத்துக்கு ஒரே பெயரில் பட்டா கேட்டால் எப்படிங்க?

நடுவில் 1714-ல் தேசிங்கு. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி, இளம் வயதிலேயே செத்துப்போனான். அவனுக்காகக் கல்யாணத்தை விட்டுவிட்டு ஓடிவந்து உயிர் கொடுத்த நண்பன், ஒரு முஸ்லிம். எதிரியும் முஸ்லிம், தோழனும் முஸ்லிம். நம் கிராமத்துப் பாட்டுக்காரர்கள் இதைக் குழப்பமில்லாமல் பாடினார்கள். படித்த நமக்குத்தான் குழப்பம்.

அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் என்று ஓர் ஊர். 1863-ல் மூன்று நாள் உள்நாட்டுப் போர் நடந்த இடம். அந்தப் போர்க்களத்தையே பூங்காவாகப் பாதுகாக்கிறார்கள். 1915-லிருந்து அங்கே பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கினவர்தான் காசு வாங்கிக்கொண்டு சுற்றிக்காட்டலாம். களத்தின் ஒவ்வொரு மூலையையும் தத்தெடுத்துப் பராமரிக்கத் தொண்டர்கள் உண்டு.

இங்கேயும் செய்யலாமே? செஞ்சி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுங்கள், பரீட்சை வையுங்கள், கட்டணத்தை நிர்ணயம் பண்ணுங்கள். பள்ளிக்கு ஒரு கட்டடம் ஒப்படையுங்கள். ஒன்றுக்குக் கல்யாண மகால், ஒன்றுக்கு நெற்களஞ்சியம். வெங்கட்ரமணர் கோயிலையும் சாதத்துல்லா கான் மசூதியையும் ஒரே பள்ளிக்கே கொடுங்கள். மாதம் ஒருநாள் தேசிங்கு கதையைப் பாடவிடுங்கள். இதற்கெல்லாம் கோடிகள் வேண்டாம், மனசு போதும்.

ஊர்க்காரன் வாயால் சொல்லாத வரலாற்றை வாட்ஸ்அப் சொல்லும். அதில் தேசிங்கு இருப்பான். அந்த நண்பன் இருக்க மாட்டான்!